30 சிஸ்டம், ஒரே நெட் லைன்: பைதான் பேக்கேஜ்களை ஒரு தடவை இறக்கி எல்லாத்திலும் போடுவது எப்படி?

மேலூர்_லேப் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மேலூர் பக்கம் ஒரு கலைக்கல்லூரி கம்ப்யூட்டர் லேபுக்காகக் கேட்கிறேன். மொத்தம் 30 சிஸ்டம். 20-ல் உபுண்டு 22.04, புதிதாக வந்த 10-ல் 24.04. எல்லாம் 64 பிட். நெட் லைன் ஒன்றுதான், 10 எம்பிபிஎஸ்.

வகுப்பு தொடங்கியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பாண்டாஸ் (அட்டவணைத் தரவைக் கையாளும் பைதான் பேக்கேஜ்) இன்ஸ்டால் பண்ணுகிறார்கள். பாதி சிஸ்டத்தில் "ரீட் டைம்டு அவுட்" என்று நின்றுவிடுகிறது. மறுபடி அடித்தால் மறுபடி முதலிலிருந்து. ஒரு தடவை இறக்கி லேபுக்குள்ளேயே வைத்துக்கொள்ள என்ன வழி?

இரண்டாவது கேள்வி. மாணவர்கள் ஒரு சின்ன பைதான் பேக்கேஜ் எழுதியிருக்கிறார்கள். மதுரை மாவட்ட ஊர்ப்பெயர்கள் ஒரு சிஎஸ்வி ஃபைலில் இருக்கின்றன. ஒரு பெயரைக் கொடுத்தால் எழுத்துப்பிழையைச் சரிசெய்து தரும். இதை பைபிஐ தளத்தில் (பைதான் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கு) ஏற்றி, யார் வேண்டுமானாலும் ஒரே கட்டளையில் போட்டுக்கொள்ளும்படி செய்ய வேண்டும். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

---

கீழவாசல் எழுதியது:

முதல்ல ஏன் நிக்குதுன்னு பார்த்துருவோம். பாண்டாஸ்னு ஒரு பேர் அடிச்சா (2.2 பதிப்புல) வர்றது ஒரு ஃபைல் இல்ல, ஆறு ஃபைல்: பாண்டாஸ், நம்பை, பைதான்-டேட்யூட்டில், பைட்ஸ், டிஇசட்டேட்டா, சிக்ஸ். நம்பை கிட்டத்தட்ட 16 எம்பி, பாண்டாஸ் 13 எம்பி, மத்த நாலும் பொடிசு. ஆக ஒரு சிஸ்டத்துக்கு 30 எம்பி, முப்பதுக்கும் 900 எம்பி. உங்க லைன் முழு வேகத்துல போனாலே 12 நிமிஷம். அதுக்கு நடுவுல ஏதாவது ஒரு சிஸ்டத்துக்கு 15 விநாடி ஒரு பைட்டும் வரலைன்னா பிப் (பைதான் பேக்கேஜ்களை இறக்கிப் போடுற கருவி) கையை விரிச்சிரும். அதோட இயல்பான டைம்அவுட் அவ்வளவுதான். டைம்அவுட்டைக் கூட்டி வைக்கலாம், ஆனா ஒரே ஃபைலை முப்பது தடவை ஏன் இறக்கணும்?

கட்டளைகளை வாசிக்கிற ஒலியிலேயே எழுதுறேன். டெர்மினல்ல ஆங்கில எழுத்துல, சின்ன எழுத்துல அடிச்சுக்கங்க.

ஒரு சிஸ்டத்தை சர்வர்னு வச்சுக்கங்க, முகவரி 192.168.1.10னு வைப்போம். ரவுட்டர்ல இந்த முகவரி மாறாம கட்டிப்போட்டுருங்க. அதுல "தேவை" ஃபைலை (வழக்கமா ரெக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டின்னு பேர் வைப்பாங்க) திறந்து பதிப்பு எண்ணோட எழுதுங்க:

நம்பை==2.2.6
பாண்டாஸ்==2.2.3

எண் இல்லாம எழுதினா இன்னைக்கு ஒரு பதிப்பு, அடுத்த பருவத்துல வேற பதிப்பு. அதுவும் உங்க லேப்ல ரெண்டு உபுண்டு இருக்கு. 22.04-ல பைதான் 3.10, 24.04-ல 3.12. நம்பை 2.3-லேர்ந்து பைதான் 3.11-க்குக் கீழ ஆதரவு கிடையாது. எண் போடலைன்னா பழைய சிஸ்டத்துல ஒரு நம்பை, புது சிஸ்டத்துல ஒரு நம்பைன்னு சத்தமில்லாம ஏறிரும். மேல சொன்ன ரெண்டு எண்ணும் 3.10, 3.12 ரெண்டுலயும் ஓடும்.

அப்புறம்:

பிப் டவுன்லோட் -ஆர் ரெக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி -டி வீல்ஸ்

"வீல்ஸ்" ஃபோல்டர்ல ஆறு ஃபைலும் இறங்கியிருக்கும். அந்த ஃபோல்டருக்குள்ள போய்:

பைதான்3 -எம் எச்டிடிபி.சர்வர் 8000

இப்ப லேப்ல எந்த சிஸ்டத்து பிரவுசர்லயும் 192.168.1.10:8000னு போட்டா ஃபைல் பட்டியல் தெரியணும். தெரியலைன்னா ஃபயர்வால் தடுக்குது. சர்வர்ல "சூடோ யுஎஃப்டபிள்யூ அலவ் 8000" குடுங்க.

மாணவர் சிஸ்டம் ஒவ்வொண்ணுலயும் ஈடிசி ஃபோல்டர்ல பிப்.கான்ஃப்னு ஒரு ஃபைல். உள்ள நாலே வரி: [குளோபல்]னு தலைப்பு, நோ-இன்டெக்ஸ் = ட்ரூ, ஃபைண்ட்-லிங்க்ஸ் = சர்வரோட எச்டிடிபி முகவரி, டிரஸ்டட்-ஹோஸ்ட் = 192.168.1.10. கடைசி வரியை விட்டுட்டா "நம்பகமான ஹோஸ்ட் இல்லை"ன்னு எச்சரிக்கை குடுத்துட்டு பிப் அந்த முகவரியைப் பார்க்கவே பார்க்காது. எச்டிடிபிஎஸ் இல்லாததுதான் காரணம். இந்த ஃபைலை சர்வர்ல வச்சிராதீங்க. வச்சா அதுவும் வெளிய போகாது, அடுத்த தடவை டவுன்லோட் பண்ண முடியாது.

கவனிக்க வேண்டியது ஒண்ணு. வீல்ஸ் ஃபோல்டர்ல .டபிள்யூஎச்எல்னு (வீல், அதாவது கட்டி முடிச்ச பேக்கேஜ்) முடியாம .டார்.ஜிஇசட்னு ஏதாவது இருந்தா, அது கட்டி முடிக்காத மூலநிரல். இன்ஸ்டால் பண்ணும்போது அதைக் கட்ட செட்அப்டூல்ஸ் தேடும். நோ-இன்டெக்ஸ் போட்டிருக்கிறதால அது கிடைக்காம, நீங்க கேட்கவே கேட்காத "செட்அப்டூல்ஸ் கிடைக்கவில்லை"ன்னு ஒரு பிழை வரும். அந்த மாதிரி பேக்கேஜுக்கு மட்டும் சர்வர்லயே "பிப் வீல் பேக்கேஜ்பெயர் -டபிள்யூ வீல்ஸ்"னு கட்டி வச்சிட்டு, டார் ஃபைலை அழிச்சிருங்க.

---

ஒத்தக்கடை_டெர்மினல் எழுதியது:

கீழவாசல் அண்ணன் சொன்னது பைதான் பக்கம். லேப்ல ஏப்ட்டும் (உபுண்டுவோட மென்பொருள்களைப் போடுற கருவி) இதே பாடுதான் படும். முப்பது சிஸ்டம் ஏப்ட் அப்கிரேட் போட்டா லைன் காலி. அதுக்கு அதே சர்வர்ல ஏப்ட்-கேச்சர்-என்ஜி போடுங்க, 3142 போர்ட்ல தானா ஓட ஆரம்பிச்சிரும். மத்த சிஸ்டங்கள்ல ஈடிசி / ஏப்ட் / ஏப்ட்.கான்ஃப்.டி ஃபோல்டர்ல 00ப்ராக்ஸின்னு ஒரு ஃபைல், ஒரே வரி:

அக்வையர்::எச்டிடிபி::ப்ராக்ஸி "எச்டிடிபி://192.168.1.10:3142";

கடைசி அரைப்புள்ளி முக்கியம். முதல் சிஸ்டம் கேட்கிற டெப் ஃபைல் வெளியிலிருந்து வரும், அதே உபுண்டு பதிப்பு இருக்கிற மத்த சிஸ்டங்களுக்கு சர்வர்லேர்ந்தே போகும். முழு உபுண்டு மிரர் எல்லாம் வேண்டாம், அது டெராபைட் கணக்கு.

எச்டிடிபிஎஸ் இல்லாம போகுதே, நடுவுல யாராவது மாத்திட்டா என்னன்னு கேட்பாங்க. ஏப்ட் ரெப்போவோட பட்டியல் ஃபைல் கையொப்பம் போட்டு வருது, பட்டியலுக்குள்ள ஒவ்வொரு டெப் ஃபைலுக்கும் எஸ்எச்ஏ256 கைரேகை இருக்கு. ஒரு பைட் மாறினாலும் ஏப்ட் ஏத்துக்காது.

ரெண்டு பிழை வரும், முன்னாடியே சொல்லிர்றேன். "ஹேஷ் சம் மிஸ்மேட்ச்" வந்தா அந்த சிஸ்டத்துல வார் / லிப் / ஏப்ட் / லிஸ்ட்ஸ் உள்ள இருக்கிறதைக் காலி பண்ணிட்டு ஏப்ட் அப்டேட் போடுங்க. "ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை"ன்னு வந்தா நெட்டைத் திட்டாதீங்க, அந்த சிஸ்டத்துல தேதியைப் பாருங்க. மதர்போர்டு பட்டன் செல் (சிஆர்2032) தீர்ந்திருக்கும். கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருஷம் பின்னால போயிருக்கும். பிப்ல சர்டிஃபிகேட் பிழை வந்தாலும் இதைப் பாருங்க, இதுவும் காரணமா இருக்கலாம்.

இது ஓட ஆரம்பிச்சதும் எல்லா சிஸ்டத்துலயும் பைதான்3-வென்வ் பேக்கேஜைப் போட்டுருங்க. உபுண்டுல அது தனி. இல்லாம வென்வ் (சிஸ்டத்து பைதானைத் தொடாம பேக்கேஜ் போட்டுக்கிற தனி ஃபோல்டர்) உருவாக்கினா "என்ஷூர்பிப் இல்லை"ன்னு நிக்கும்.

---

மேலூர்_லேப் எழுதியது:

மிக்க நன்றி. 22.04 சிஸ்டம் இருபதிலும் பாண்டாஸ் ஒரு நிமிடத்துக்குள் ஏறிவிட்டது. 24.04 பத்தில்தான் சிக்கல். நேரடியாக பிப் அடித்தால் "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்" என்கிறது. வென்வ் உள்ளே போய் அடித்தால் "நம்பை==2.2.6-க்குப் பொருத்தமான டிஸ்ட்ரிப்யூஷன் இல்லை" என்கிறது. அதே ஃபோல்டரிலிருந்து சிக்ஸ், பைட்ஸ் இரண்டும் ஒழுங்காக ஏறுகின்றன. ஃபைல் கண் முன்னாடி இருக்கிறது, ஏன் இல்லை என்கிறது?

---

கீழவாசல் எழுதியது:

முதல் பிழை நல்லதுக்குத்தான். 24.04-ல சிஸ்டத்து பைதானை ஏப்ட் மட்டும்தான் தொடலாம்னு பூட்டு போட்டிருக்காங்க. உபுண்டுவோட சொந்தக் கருவிகள் பல அந்த பைதான்லதான் ஓடுது. பிப் அதுக்குள்ள ஒரு நூலகத்தை மாத்திட்டா அதுங்க படுத்துரும். வலையில தேடினா "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்"னு ஒரு ஆப்ஷன் போடச் சொல்லுவாங்க. பேர்லயே இருக்கு, போடாதீங்க. மாணவருக்கு ஒரு வென்வ், அதுதான் முறை. 22.04-லயும் அப்படியே பழக்குங்க.

ரெண்டாவதுக்கு விடை ஃபைல் பேர்லயே இருக்கு. நம்பை ஃபைலோட பேரைக் கோடு கோடா பிரிச்சுப் படிங்க: நம்பை, 2.2.6, சிபி310, சிபி310, அப்புறம் மெனிலினக்ஸ்னு ஆரம்பிச்சு எக்ஸ்86_64னு முடியுற ஒரு துண்டு. சிபி310னா சி-பைதான் 3.10-க்குன்னே கட்டினது. உங்க 24.04-ல 3.12, அதுக்கு சிபி312 வேணும். மெனிலினக்ஸ் துண்டுல 2_17னு இருந்தா ஜிலிப்சி (லினக்ஸோட அடிப்படை சி நூலகம்) 2.17 அல்லது அதுக்கு மேல இருக்கிற லினக்ஸ்னு அர்த்தம். எக்ஸ்86_64 ப்ராசசர் வகை. சிக்ஸ் ஃபைல் பேர்ல இந்த இடத்துல "நன்-எனி"ன்னு இருக்கும். அது முழுக்க பைதான்லயே எழுதினது, சி நிரல் கிடையாது, எந்த சிஸ்டத்துலயும் ஏறும். அதனாலதான் அது மட்டும் போகுது.

சரிபண்றது சுலபம். 24.04 சிஸ்டம் ஒண்ணுல பிப்.கான்ஃப் ஃபைலைத் தற்காலிகமா வேற பேர் மாத்திட்டு, ஒரு வென்வ்குள்ள அதே டவுன்லோட் கட்டளையை ஓட்டி, வந்த ஃபைல்களை சர்வரோட வீல்ஸ் ஃபோல்டர்லயே கொட்டுங்க. ரெண்டு ஜோடியும் ஒரே இடத்துல கிடக்கலாம், பிப் தனக்கானதைப் பேர் பார்த்து எடுத்துக்கும். சர்வர்ல உட்கார்ந்துகிட்டே பிளாட்ஃபார்ம், பைதான்-வெர்ஷன் ஆப்ஷன் கொடுத்தும் இறக்கலாம். ஆனா மெனிலினக்ஸ் குறிகள் பேக்கேஜுக்குப் பேக்கேஜ் மாறும், ஒவ்வொண்ணா எழுதணும். அந்தந்த வகை சிஸ்டத்துலயே இறக்குறது தவறாது.

ஒரு பின்குறிப்பு: பசங்க அடிக்கடி இடறுறது பேர்ல. இம்போர்ட் பண்ற பேரும் பிப்ல போடுற பேரும் ஒண்ணா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. எஸ்கேலேர்ன் வேணும்னா சைகிட்-லேர்ன். சிவி2 வேணும்னா ஓப்பன்சிவி-பைதான். பிஎஸ்4 வேணும்னா பியூட்டிஃபுல்சூப்4. உங்க ஊர்ப்பெயர் வேலைக்கு உதவுற ஓப்பன்-தமிழ் கூட அப்படித்தான்: பிப்ல ஓப்பன்-தமிழ், இம்போர்ட்ல தமிழ் மட்டும்.

---

தெப்பக்குளத்தார் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மாணவர்கள் எழுதியதைப் பொதுவில் வைப்பது நல்ல காரியம், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஏற்றுவதற்கு முன்னால் நிரலைப் பாருங்கள். ஊர்ப்பெயர் என்றதும் இரண்டு இடத்தில் தடுக்கும். "திருப்பரங்குன்றம்" என்பதற்கு பைதானில் லென் கேட்டால் 17 என்று வரும். நாம் எண்ணினால் 10 எழுத்து. யூனிகோடில் "தி" என்பது த, இகரக்குறி என்று இரண்டு. "ப்" என்பது ப, புள்ளி என்று இரண்டு. இதை வைத்துப் பிழை திருத்தினால் கணக்கு தவறிப்போகும். ஓப்பன்-தமிழின் கெட்_லெட்டர்ஸ் பத்து எழுத்தாகவே பிரித்துத் தரும். அடுத்தது "சோழவந்தான்". "சோ" என்பதில் ஓகாரக்குறி ஒரே குறியாகவும் இருக்கலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரு குறிகளாகவும் இருக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் இரண்டையும் ஒப்பிட்டால் சமமில்லை என்றுதான் வரும். சிஎஸ்வியைப் படிக்கும்போதும், பயனர் கொடுத்த பெயரை வாங்கும்போதும் யூனிகோட்டேட்டா நூலகத்தின் நார்மலைஸ் வழியாக என்எஃப்சி (ஒரே குறியாகச் சேர்த்து எழுதும்) வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

சிஎஸ்வியைத் திறக்கும் வரியில் என்கோடிங் யுடிஎஃப்-8 என்று எழுதியே ஆக வேண்டும். உபுண்டுவில் எழுதாவிட்டாலும் ஓடும். விண்டோஸில் போட்டவருக்கு முதல் ஊரிலேயே பிழை வரும், அல்லது தமிழுக்குப் பதில் குப்பை எழுத்து வரும்.

அடுத்து பொட்டலம். பைப்ராஜெக்ட்.டாம்ல் என்ற ஒரு ஃபைல் போதும். அதில் பெயர், பதிப்பு (0.1.0 என்று தொடங்குங்கள்), ஒரு வரி விளக்கம், ரீட்மீ, உரிமம், தேவையான பைதான் (>=3.10), சார்ந்திருக்கும் பேக்கேஜ் (ஓப்பன்-தமிழ்). தேவையான பைதானைக் குறிப்பிடாவிட்டால் பழைய பைதான் வைத்திருப்பவர் இன்ஸ்டால் செய்துவிட்டு ஓடும்போது விழுவார். குறிப்பிட்டால் பிப் முன்னதாகவே விலகிக்கொள்ளும். பெயரில் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு, அடிக்கோடு, புள்ளி மட்டும்தான் செல்லும், தமிழ் எழுத்து ஏற்காது. சிறுகோடும் அடிக்கோடும் அதற்கு ஒன்றுதான், பெரிய எழுத்து சின்ன எழுத்தும் ஒன்றுதான். ஆகவே "ஊர்-பெயர்" இருந்தால் "ஊர்_பெயர்" எடுக்க முடியாது.

அதிகம் பேர் விழுகிற பள்ளம் இனிமேல்தான். செட்அப்டூல்ஸ் பைதான் ஃபைல்களைத் தானாக எடுத்துக்கொள்ளும், சிஎஸ்வியை எடுக்காது. டாம்ல் ஃபைலில் பேக்கேஜ்-டேட்டா என்ற பகுதியில் *.சிஎஸ்வி என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலும் உங்கள் சிஸ்டத்தில் சோதனை ஜெயிக்கும், ஏனென்றால் ப்ராஜெக்ட் ஃபோல்டரில் நின்றுகொண்டு இம்போர்ட் செய்தால் பைதான் பக்கத்தில் கிடக்கும் ஃபோல்டரைத்தான் எடுக்கும். ஊரெல்லாம் இன்ஸ்டால் செய்தவர்களுக்குத்தான் "ஃபைல் இல்லை" என்று வரும். நிரலை எஸ்ஆர்சி என்ற ஃபோல்டருக்குள் வைத்தால் இந்த ஏமாற்றம் நடக்காது. கட்டிய பிறகு கண்ணால் பார்த்துவிடுங்கள்:

பைதான்3 -எம் பில்ட்
அன்சிப் -எல் டிஸ்ட்/*.டபிள்யூஎச்எல்

பட்டியலில் சிஎஸ்வி பெயர் இருக்க வேண்டும். நிரலுக்குள்ளே அதைத் திறக்க இம்போர்ட்லிப்.ரிசோர்சஸின் ஃபைல்ஸ் பயன்படுத்துங்கள். "ஹோம்/லேப்/..." என்று முழுப் பாதை எழுதியிருந்தால் வேறு எந்த சிஸ்டத்திலும் ஓடாது.

தளத்தில் தொடங்கும் கணக்கு: 2024 ஜனவரி 1 முதல் பைபிஐ-யில் எல்லாருக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். மாணவர் ஒருவரின் ஃபோனில் மட்டும் அது இருந்தால், அவர் படிப்பை முடித்துப் போன பின்பு பேக்கேஜைத் தொட ஆளிருக்காது. ஆசிரியர்கள் இருவரை உரிமையாளராகச் சேருங்கள். மீட்புக் குறியீடுகளை அச்செடுத்துத் துறை அலமாரியில் வையுங்கள். நிரலை எழுதியவர் பெயர், மின்னஞ்சல் என்று டாம்லில் எழுதுவது உலகத்துக்கே தெரியும். மாணவர்களின் சொந்த மின்னஞ்சல் வேண்டாம்.

முதலில் டெஸ்ட்பைபிஐ-யில் ஏற்றிப் பாருங்கள். அதற்குத் தனிக் கணக்கு, தனி டோக்கன் (கடவுச்சொல்லுக்குப் பதிலான ரகசியக் குறி). ஏற்றும் கருவியின் பெயர் ட்வைன்:

ட்வைன் செக் டிஸ்ட்/*
ட்வைன் அப்லோட் --ரெப்பாசிட்டரி டெஸ்ட்பைபிஐ டிஸ்ட்/*

டோக்கனை ஒட்டும்போது திரையில் எதுவும் தெரியாது, அது இயல்பு. டெஸ்ட்பைபிஐ-யிலிருந்து போட்டுப் பார்க்கும்போது நோ-டெப்ஸ் என்று சேருங்கள். ஓப்பன்-தமிழை மட்டும் உண்மையான பைபிஐ-யிலிருந்து முன்பே போட்டுவிடுங்கள். டெஸ்ட் தளத்தில் அதே பெயரில் யார் எதை ஏற்றியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. நிஜ தளத்தில் முதல் தடவை ஏற்ற முழுக் கணக்குக்கான டோக்கன் வேண்டும். ஏறியதும் அதை அழித்துவிட்டு, இந்தப் பேக்கேஜுக்கு மட்டுமான டோக்கன் எடுத்துக்கொள்ளுங்கள்.

---

அழகர்மலை எழுதியது:

பாதுகாப்பு பற்றி ஒரு விஷயம் விட்டுப்போச்சு. நாளைக்கு உங்க லேபுக்கு மட்டும்னு ஒரு பேக்கேஜ் எழுதி உள்சர்வர்ல வைப்பீங்க. அப்ப பிப்.கான்ஃப்ல எக்ஸ்ட்ரா-இன்டெக்ஸ்-யுஆர்எல் போட்டு உள்சர்வரையும் பைபிஐ-யையும் சேர்த்துக் காட்டத் தோணும். காட்டாதீங்க. பிப்புக்கு ரெண்டும் சமம்; எதுல பதிப்பு எண் பெருசோ அதை எடுக்கும். வெளியில யாராவது அதே பேர்ல 99.0னு ஏத்தி வச்சா உங்க லேப் முழுக்க அவன் நிரல் ஓடும். 2022 டிசம்பர் கடைசியில பைடார்ச்ங்கிற ஏஐ நூலகத்தோட நைட்லி (தினமும் வர்ற சோதனை) பதிப்புக்கு நடந்தது இதுதான். டார்ச்ட்ரைட்டன்ங்கிற உள் பேக்கேஜோட பேர்ல யாரோ பைபிஐ-யில ஒண்ணை ஏத்திவிட்டாங்க. 25-லேர்ந்து 30 தேதி வரைக்கும் லினக்ஸ்ல அந்த நைட்லியைப் பிப்ல போட்டவங்களுக்கு அந்தப் போலிதான் இறங்குச்சு.

கீழவாசல் சொன்ன நோ-இன்டெக்ஸ் வழியில இந்த ஆபத்து இல்ல. வெளியிலிருந்தும் தானா வரணும்னா டெவ்பை போடுங்க: 3141 போர்ட், கேட்டதை பைபிஐ-யிலேர்ந்து ஒரு தடவை எடுத்து உள்ளயே வச்சுக்கும். ஓட்டும்போது --ஹோஸ்ட் 0.0.0.0 குடுக்கணும், இல்லைன்னா அந்த சிஸ்டத்துக்கு மட்டும்தான் பதில் சொல்லும். மாணவர் சிஸ்டத்துல இன்டெக்ஸ்-யுஆர்எல்னு அந்த ஒரே முகவரி.

இன்னொண்ணு, இறக்கும்போது ஒன்லி-பைனரி :ஆல்: சேர்த்துக்கங்க. டார் ஃபைல்னா கட்டும்போதே அதுக்குள்ள இருக்கிற செட்அப் நிரல் உங்க சிஸ்டத்துல ஓடும். டவுன்லோட் மட்டும் பண்ணாலும் விவரம் எடுக்க அது ஓடலாம். வீல் ஃபைலைப் பிப் விரிச்சு வைக்கும், அவ்வளவுதான். வீல் இல்லாத பேக்கேஜ் வந்தா அங்கயே நிக்கும். அதைத் திறந்து பார்த்துட்டு அப்புறம் கட்டுங்க. ஒரு எழுத்து மாத்தின பேர்ல போலி ஏத்துறவங்க நிறைய. 2024 மார்ச்ல அந்த மாதிரி பேக்கேஜ்கள் குவிஞ்சு, பைபிஐ கொஞ்ச நேரம் புதுக் கணக்கு, புது ப்ராஜெக்ட் ரெண்டையுமே நிறுத்தி வச்சது.

---

மேலூர்_லேப் எழுதியது:

24.04 பத்திலும் ஏறிவிட்டது. டெஸ்ட்பைபிஐ-யில் 0.1.0 ஏற்றினோம், தெப்பக்குளத்தார் சொன்னபடி அன்சிப் பார்க்காமல் ஏற்றியதால் சிஎஸ்வி உள்ளே இல்லை. சரிசெய்து மறுபடி ஏற்றினால் "ஃபைல் ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ்" என்கிறது. தளத்தில் அழித்துவிட்டு ஏற்றினாலும் அதே பிழை.

---

தெப்பக்குளத்தார் எழுதியது:

அழித்தாலும் அந்த ஃபைல் பெயர் திரும்பக் கிடைக்காது. ஒரு பதிப்பு எண்ணில் இன்று ஒரு நிரல், நாளை வேறு நிரல் இருக்கக்கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். டாம்லில் 0.1.1 என்று மாற்றுங்கள். டிஸ்ட் ஃபோல்டரை முழுக்கக் காலிசெய்துவிட்டு பில்ட் ஓட்டுங்கள், பழைய 0.1.0 ஃபைல்கள் அங்கே கிடந்தால் நட்சத்திரக்குறி அவற்றையும் சேர்த்து அனுப்பி, மறுபடி அதே பிழை வரும்.

நிஜ பைபிஐ-யில் பின்னால் இப்படி நேர்ந்தால் அழிக்காதீர்கள், "யாங்க்" செய்யுங்கள். புதிதாகக் கேட்பவர்களுக்கு அந்தப் பதிப்பு போகாது, 0.1.0 என்று எண் போட்டு எழுதி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் தொடர்ந்து கிடைக்கும்.